மழை, தீ, அம்மை: கண்டி மலைகளில் ஒரு வைத்திய மரபு

கண்டிப் பெரஹராவுக்குப் போகிறவர்கள் யானையையும் தீப்பந்தத்தையும் நடனத்தையும் பார்த்துவிட்டு, கடைசி ரந்தோலி ஊர்வலம் முடிந்த கையோடு ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். விழாவின் உட்கருவான சடங்கு அதன் பிறகுதான், கெட்டம்பேயில் மகாவலி ஆற்றுத்துறையில் நடக்கிறது. நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களின் பூசகர்களான கப்புறாளைமாரும் விடியும் வேளையில் ஆற்றுக்குள் இறங்கி, வாளால் நீரில் ஒரு வட்டம் கீறி, அந்த வட்டத்துக்குள் குடத்தை அமிழ்த்தி நீர் அள்ளுகிறார்கள். போன வருடம் அள்ளி வைத்த பழைய நீர் ஆற்றோடு போகிறது. புது நீர் அடுத்த எசல மாதம்வரை தேவாலயத்தில் இருக்கும். நீர் வெட்டும் இந்தச் சடங்குக்குத் 'தியகெபீம' என்று பெயர். அது முடிந்து பெரஹரா கலைந்ததும், விஷ்ணு தேவாலயத்தில் ஏழு நாள் 'வலியக்' ஆட்டம் தொடங்கும். விழாவால் வந்திருக்கக்கூடிய கண்ணூறும் தோஷமும் கழிய வேண்டும் என்பதற்காக ஆடப்படும் ஆட்டம் அது.

முதலில் நீர், அடுத்து நோய் நீக்கம். இந்த வரிசை தற்செயலாக அமைந்ததல்ல. கண்டி நகரத்துத் தேவாலயங்களிலும் சரி, அதைச் சுற்றியுள்ள தோட்டங்களின் மாரியம்மன் கோயில்களிலும் சரி, மழை, தீ, நோய் மூன்றும் ஒரே விஷயமாகவே கையாளப்படுகின்றன. மூன்றையும் பிணைப்பது சூடு. நிலத்தில் சூடேறினால் வறட்சி, உடம்பில் சூடேறினால் அம்மை. இரண்டையும் தணிக்க வேண்டியவள் ஒருத்தியே. சிங்களவர் அவளைப் பத்தினி என்றார்கள், தோட்டத்தார் மாரி என்றார்கள். இது தெரிந்த விஷயம்தானே என்று சிலர் கேட்கலாம். தெரிந்ததுதான். ஆனால் இதில் எந்தப் பாதி எழுதப்பட்டது, எந்தப் பாதி எழுதப்படாமல் கிடக்கிறது என்று பார்த்தால் கணக்கு சரியாக வரவில்லை.

எழுதப்பட்ட பாதி நீளமானது. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை கைதியாக இருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் பெரஹராவை விவரிக்கிறார். அவர் கண்ட ஊர்வலத்தில் அலுத்நுவரத் தெய்வமும் கதிர்காமத் தெய்வமும் பத்தினியும் வருகிறார்கள், புத்தரின் தந்தம் வரவில்லை. இன்று நாம் பார்ப்பதுபோலத் தந்ததாதுவை முன்னிறுத்தித் தேவாலய ஊர்வலங்களைப் பின்னே வரவைத்தது 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்து ஏற்பாடு. அடியில் கிடப்பது தெய்வங்களின் விழாதான், அதிலும் மழை கேட்கும் விழா. எச். எல். செனவிரத்ன 1978இல் வெளியிட்ட கண்டி அரசுச் சடங்குகள் பற்றிய ஆய்வு இதை விரிவாகப் பேசுகிறது. ஊர்வலத்தின் தலைமாட்டில் சாட்டை அடிப்பவர்கள் போகிறார்கள், அவர்களுக்குப் பின்னே தீப்பந்து சுழற்றுபவர்கள். சாட்டைச் சத்தம் இடி, தீப்பந்து மின்னல் என்று கண்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஊர்வலத்தின் இரு பக்கமும் போகும் பந்தக்காரர்களைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். நீண்ட கம்பின் நுனியில் இரும்புக் கூடை, கூடைக்குள் எரிவது கொப்பரை. தீ தணியத் தணியக் கூட வருபவர் சாக்கிலிருந்து கொப்பரைத் துண்டுகளை எடுத்துக் கூடையில் போடுகிறார். எண்ணெய் சொட்டுகிறது, தெரு முழுக்கத் தேங்காய் கருகும் வாசம். மின்விளக்கு வந்து எத்தனையோ காலமாயிற்று, பந்தத்தை மட்டும் யாரும் கைவிடவில்லை.

தந்ததாதுவுக்கே மழையோடு உறவு உண்டு என்பது கண்டியாரின் நம்பிக்கை. அது யாரிடம் இருக்கிறதோ அவருக்கே ஆட்சி, அவர் நாட்டில் மழை தவறாது என்பது பழைய அரசியல் நியாயம். 1815இல் இராச்சியத்தைப் பிடித்த ஆங்கிலேயர் இதைப் புரிந்துகொள்ள அதிக நாள் எடுக்கவில்லை. 1828இல் வறட்சியின்போது தந்ததாது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு கொட்டிய மழையில் வெள்ளம் வந்ததாகவும், அதைத் 'தலதா வத்துர' என்று சொன்னதாகவும் வாய்வழிக் கதை இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இதில் புதுமை குறைவு. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை சொல்லும் நிகழ்ச்சிகளை நினைத்துப் பாருங்கள். சிங்களவர் பத்தினி என்று கும்பிடும் கண்ணகி மதுரையை எரித்த பிறகு பாண்டிநாட்டில் மழை பொய்க்கிறது, வறுமை வருகிறது, வெப்புநோயும் குரு என்ற கொப்புளமும் தொடர்கின்றன. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டு அவளைச் சாந்தப்படுத்த, மழை பெய்து நோயும் நீங்குகிறது. அந்தப் பலியைப் படிக்கும்போது இன்றும் வயிறு கலங்குகிறது, அது வேறு விஷயம். அதே பகுதியில் இலங்கைக் கயவாகு அவளுக்குப் பலிபீடிகை அமைத்து ஆடி மாதத்தில் விழா எடுத்ததும், மழை வளம் பெருகியதும் வருகின்றன. சிங்களவரின் எசல மாதமும் நம் ஆடியும் ஏறத்தாழ ஒரே பருவம். எரித்தவள், மழையை நிறுத்தியவள், கொப்புளம் தந்தவள், கடைசியில் எல்லாவற்றையும் தணித்தவள் ஒருத்தியே என்ற எண்ணம் அப்போதே முழுதாக உருவாகியிருக்கிறது.

கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாட்டு ஆய்வு இந்தத் துறையின் பெருநூல். கயவாகு எனப்படும் கஜபாகு மன்னனே பத்தினியை இலங்கைக்குக் கொண்டுவந்தான் என்ற கதையை வரலாறாக எடுத்துக்கொள்ளக்கூடாது, அது தொன்மம் என்பது அவர் கட்சி. அதில் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் கதை பொய்யானாலும் சடங்கு பொய்யில்லை. ஊர் கூடி அறுவடைக்குப் பின் எடுக்கும் 'கம்மடுவ' விழாவில் பத்தினியின் சிலம்பு வருகிறது, ஊரின் நோய்க்கும் வயலின் வறட்சிக்கும் ஒன்றாகவே வேண்டுதல் நடக்கிறது, சில இடங்களில் தணல் மிதிப்பும் உண்டு. தீயைக் 'குளிரச் செய்வது' என்றே சிங்களச் சடங்குக்காரர் சொல்கிறார்கள்.

கண்டிக்கே உரிய பெரிய குணப்படுத்தல் சடங்கு கொஹொம்பா கங்காரிய. அதன் கதை ஹந்தானை மலையில் வந்து முடிகிறது. குவேனியின் சாபத்தால் பண்டுவாசுதேவ மன்னனுக்குச் சிறுத்தை கனவில் வந்து மிரட்டும் தோஷம் பிடிக்கிறது. அதைத் தீர்க்கப் பூவில் பிறந்த மலய மன்னன் ஒருவனால்தான் முடியும். அவனை இலங்கைக்கு வரவழைக்க ராகு காட்டுப்பன்றி உருவெடுத்து அவன் தோட்டத்தைக் கெடுக்க, அவன் துரத்திக்கொண்டே கடல் தாண்டி வந்து சேர்கிறான். பன்றி ஹந்தானையில் கல்லாகிவிடுகிறது. பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் மாலையில் ஏறி இறங்கும் அதே மலைதான். இரவு முழுக்க நடக்கும் இந்தச் சடங்குக்குச் செலவு அதிகம், ஆட்களும் அதிகம் வேண்டும். அதன் வெஸ் ஆட்டம் தனியாகப் பிரிந்து மேடையேறி, 'கண்டிய நடனம்' என்ற பெயரில் தேசத்தின் அடையாளமாகிவிட்டது. சூசன் ரீட் 2010இல் வெளியிட்ட நூல் இந்த இடமாற்றத்தையும், பறை கொட்டும் பெரவா சமூகத்துக் கலைஞர்கள் அதில் பெற்றதையும் இழந்ததையும் சொல்கிறது. விமான நிலையத்தில் வெஸ் தலையணியோடு சிரிக்கும் படத்தைப் பார்ப்பவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு நோயாளிக்காக ஆடப்பட்டது என்று தெரியும்?

இனி மற்றப் பாதி. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்ட பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், மன்னாரில் இறங்கி தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து மாத்தளையை அடைந்தார்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. பிழைத்து வந்தவர்கள் கண்ட முதல் பெரிய ஊர் மாத்தளை. அங்கே முத்துமாரியம்மன் கோயில் எழுந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1874இல் கட்டப்பட்ட அந்தக் கோயிலின் மாசி மகத் தேர் மலையகம் முழுவதற்கும் பேர்போனது. 1983 கலவரத்தில் கோயிலுக்கும் தேருக்கும் தீ வைத்தார்கள். தீயைத் தணிக்கிற அம்மனுக்கே அந்தக் கதி. 2023இல் மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து நடந்தவர்களும் தங்கள் நடையை மாத்தளையில்தான் முடித்தார்கள்.

தோட்டத்தில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால் அந்தக் காம்பராவே மாறிவிடும். இஸ்தோப்பு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகுவார்கள். ஈரமான மேல்மலையில் வேம்பு லேசில் வளராது, ஆகவே மாத்தளைப் பக்கம் போய் வருபவர் கையில் சொல்லிவிடுவார்கள். தாளிதம் கிடையாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது, கவுச்சி வீட்டுக்குள் வராது. 'நோய்' என்று யாரும் சொல்லமாட்டார்கள். "அம்மா வந்திருக்கா" என்பார்கள், கொப்புளத்தை 'முத்து' என்பார்கள். இளநீர், மோர், கூழ் என்று குளிர்ச்சியானதே கொடுப்பார்கள். முத்து இறங்கியதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த நீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். இதில் அடங்காத காய்ச்சலுக்கும் பயந்த கோளாறுக்கும் கோடாங்கியைக் கூப்பிடுவது வழக்கம். அவர் உடுக்கடித்துக் குறி சொல்லி, திருநீறு போட்டு, கழிப்புக் கழிப்பார். குணமானவர் பேரில் வீட்டார் நேர்ந்துகொள்வார்கள். பால்குடம், காவடி, கடைசியாகத் தீமிதி.

அந்தத் தீமிதித் திருவிழா காப்புக் கட்டி, கரகம் பாலித்து, தப்பு முழங்க நடக்கும். மலைப் பனியில் தப்பின் தோல் தொய்ந்துபோகும். அடிப்பவர்கள் வைக்கோலையோ பழைய பேப்பரையோ கொளுத்தி, தப்பைத் தணலுக்கு மேலே திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். சத்தம் கணீரென்று வந்த பிறகுதான் கரகம் புறப்படும். தீக்குழியைத் தோட்டத்தில் 'பூக்குழி' என்பார்கள். கடந்து வருபவர் பால் ஊற்றிய குழியில் கால் வைத்து இறங்குவார். சூட்டைத் தணிக்கும் தெய்வத்துக்கு ஏன் தீ என்று கேட்டால் எந்தப் பூசாரியும் நீட்டி விளக்கமாட்டார். அம்மா தணித்தாள் என்றால் தீயும் தணிந்துதானே இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் வாதம்.

மழையைப் பொறுத்தவரை இங்கே ஒரு முக்கியமான மாற்றம் நடந்திருக்கிறது, ஆய்வாளர்கள் இதில் போதிய கவனம் செலுத்தவில்லை. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்து வறண்ட ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு மாரி என்றால் மழை தருபவள். கொடும்பாவி கட்டி இழுத்து மழையைக் கெஞ்சிய ஊர்கள் அவை. ஆனால் கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, மடுல்கலை மலைகளில் மழைக்கா பஞ்சம்? மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வந்தால் வாரக்கணக்கில் விடாது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடியும் மின்னலும். படங்கைப் போர்த்திக்கொண்டு கொழுந்து எடுப்பவளுக்கு மழை வரம் இல்லை. அட்டை, குளிர்காய்ச்சல், வழுக்குப் பாதை, மண்சரிவு எல்லாம் மழையோடு வருபவை. ஆகவே அம்மனின் வேலை மெல்ல மாறியது. மழையைக் கொடு என்பதற்குப் பதிலாக, மழையிலிருந்து காப்பாற்று என்று கேட்டார்கள். கூடவே தோட்டத்துக்கே உரிய புதுத் தெய்வங்களும் முளைத்தன. கவ்வாத்து வெட்டத் தொடங்கும்போது கும்பிடக் கவ்வாத்துச் சாமி வந்தது. ஆலைச் சக்கரத்தில் கை போகாமல் காக்க ரோதமுனி வந்தார். இயந்திரத்துக்குக்கூட ஒரு முனி வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அந்த ஆலைகளில் தொழிலாளருக்கு இருந்த பாதுகாப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

மழை கேட்கும் பழைய நினைவு முற்றாக அழிந்துவிடவில்லை. தோட்டங்களில் காமன் கூத்து மாசியில் நடக்கிறது. கம்பம் நட்டு, ரதி மதன் கல்யாணம் நடத்தி, சிவன் நெற்றிக்கண்ணால் காமனை எரிப்பதில் கூத்து உச்சம் காணும். ரதியின் அழுகைக்கு இரங்கிக் காமன் மீண்டும் எழுவான். கண்டி மலைகளில் ஆண்டிலேயே காய்ந்த காலம் தை, மாசி. காமன் எரிந்து சில வாரங்களில் பங்குனி, சித்திரை இடிமழை தொடங்கிவிடும், கொழுந்தும் துளிர்த்துக் குவியும். எரிப்பும் துளிர்ப்பும் இப்படி நாட்காட்டியில் பொருந்தியிருப்பதை நான் தற்செயல் என்று எண்ணவில்லை. ஆதாரம் கேட்டால் இது என் ஊகம் என்றே சொல்வேன்.

தீமிதியைப் பற்றி அறிவியலும் பேசியிருக்கிறது. 1935இல் இங்கிலாந்தில் அமானுஷ்ய நிகழ்வுகளை ஆராய்ந்த ஹரி பிரைஸ், குதா பக்ஸ் என்ற காஷ்மீரியரைத் தணலில் நடக்கவைத்துச் சோதித்தார். இலங்கையில் அந்த வேலையை 1970களின் தொடக்கத்தில் செய்தவர் உடலியங்கியல் பேராசிரியர் கார்லோ பொன்சேகா. விரதமோ பக்தியோ இல்லாதவர்களும், பன்றி இறைச்சியும் சாராயமும் எடுத்துக்கொண்டவர்களும் தணலைக் கடக்க முடியும் என்று அவர் நடத்திக்காட்டினார். மரக்கரித் தணல் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், பாதம் படும் நேரமோ மிகச் சொற்பம் என்பதே விளக்கம். பகுத்தறிவாளர்கள் இத்தோடு விஷயம் முடிந்தது என்றார்கள். கால் ஏன் சுடவில்லை என்பதற்கு இது போதுமான பதில்தான். பிள்ளை பிழைத்ததற்காக ஒரு தாய் ஏன் தணலில் இறங்குகிறாள் என்பதற்கு இதில் பதில் இல்லை, அந்தக் கேள்வியை அவர்கள் கேட்கவுமில்லை. கதிர்காமத் தீமிதி 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழர் கையிலிருந்து சிங்களவர் கைக்குப் போனதை ஒபேசேகர 1978இல் எழுதினார். அங்கே தீ, யார் பெரியவர் என்ற கேள்விக்கும் பதிலாகியிருந்தது.

உலகின் மறுகோடியில் மழை, தீ, நோய் என்ற இதே மூன்றையும் இணைத்துப் பார்க்கும் மக்கள் இருக்கிறார்கள். மெக்சிகோவில் போப்போகத்தெபெத்தில், இஸ்தாக்சிவாத்தில் மலைகளைச் சுற்றி வாழும் நஹுவா மக்களிடம் மழையோடு பேசும் வைத்தியர்கள் உண்டு. மின்னல் தாக்கிப் பிழைத்தவரே அந்தப் பணிக்கு அழைக்கப்பட்டவர். அவர்கள் மே 3ஆம் நாள் சிலுவைத் திருநாளையொட்டி மலைக்குப் போய்ப் படையல் வைத்து மழை கேட்பார்கள், ஆலங்கட்டியை விலக்குவார்கள், ஊரில் நோயும் பார்ப்பார்கள். போப்போகத்தெபெத்தில் எரிமலையே அவர்களுக்கு ஓர் ஆள், 'தொன் கிரகோரியோ' என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உடம்பின் உயிர்ச்சூட்டைத் 'தோனல்லி' என்கிறார்கள். அது கூடினாலும் குறைந்தாலும் நோய். சூடு, குளிர்ச்சி என்ற பாகுபாடு ஸ்பானியரோடு போனது என்றார் மானிடவியலாளர் ஜார்ஜ் பாஸ்டர். இல்லை, அது அந்த மண்ணிலேயே இருந்தது என்றார் மெக்சிகோ வரலாற்றாசிரியர் லோபஸ் ஆஸ்டின்.

நம் மரபுக்கும் அதற்கும் உள்ள வேற்றுமைதான் எனக்கு அதிகம் சொல்கிறது. நஹுவாவில் வைத்தியரைத் தேர்ந்தெடுப்பது மின்னல். நம் மலைகளில் மின்னல் வெறும் பயம். இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லி ஒதுங்குவதோடு சரி. இங்கே ஆளைத் தேர்ந்தெடுப்பது அம்மை, அல்லது திருவிழாவில் இறங்கும் அருள். அதாவது வானத்திலிருந்து வரும் தீயைவிட உடம்புக்குள் எழும் தீயையே நம்மவர் தெய்வத்தின் அழைப்பாக எடுத்துக்கொண்டார்கள். பெரியம்மை பேயாட்டம் போட்ட நாட்டில் அது இயல்புதான். 1802இலேயே தீவுக்கு அம்மைப்பால் வந்துவிட்டது. 1980இல் உலகத்திலிருந்தே பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தார்கள். அம்மன் இன்று சின்னம்மைக்கும் தட்டம்மைக்கும் மட்டும் பொறுப்பேற்றிருக்கிறாள்.

இந்த மரபைப் போற்றுகிறவர்கள் மறைக்கும் பக்கமும் உண்டு. அம்மைக்கு ஊசி, மருந்து கூடாது என்று பிள்ளையை டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்த வீடுகள் இருந்தன. அதற்குத் தெய்வத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, பல தோட்டங்களில் டிஸ்பென்சரி என்பது பெயருக்கு இருந்த ஓர் அறைதான். பெரிய இடத்துக் கூத்துகளையும் பார்த்தோம். 2020 நவம்பரில் அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி கொரோனா ஒழிய மந்திரித்த குடங்களை ஆற்றில் விட்டார். அந்த டிசம்பரில் கண்டிக்கு அயலிலுள்ள கேகாலையில், காளியம்மன் பக்தர் ஒருவர் காய்ச்சிய பாணிக்காக தொற்றுத்தடுப்பு விதிகளை மறந்து ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். 2021 ஜனவரியில் அமைச்சருக்கே தொற்று. கெட்டம்பேக் குடமும் அமைச்சரின் குடமும் ஒன்றல்ல. முன்னது ஊர் கூடி ஆண்டுதோறும் பருவத்தோடு செய்துகொள்ளும் உடன்படிக்கை, பின்னது கமராவுக்கு முன் செய்த அரசியல்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகளைப் பிளந்து எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோனது. சரிவில் கட்டிய லயங்களுக்கு வேண்டியது உறுதியான நிலமும் எச்சரிக்கையும்தான். அதைச் சடங்கால் ஈடுசெய்ய முடியாது, அப்படிக் கேட்பவர்களும் தோட்டத்தில் இல்லை.

கடைசியாகப் பதிவு பற்றி. கண்டிச் சிங்களச் சடங்குகளுக்கு நூல்கள் இருக்கின்றன, படங்கள் இருக்கின்றன, அரசின் ஆதரவு இருக்கிறது. தோட்டத்துப் பக்கத்தில் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த பாடல்கள், மாத்தளை வடிவேலன் மாரியம்மன் வழிபாடு பற்றி எழுதியது, இன்னும் சிலருடைய உழைப்பு என்று விரல்விட்டு எண்ணக்கூடியவையே உள்ளன. கோடாங்கியின் உடுக்குப் பாட்டும், அம்மை கண்ட வீட்டில் பாடும் தாலாட்டும், காமன் கூத்து வாத்தியார்களின் ஏடுகளும் அவரவரோடு போய்க்கொண்டிருக்கின்றன. பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். சில குடும்பங்கள் பெந்தெகொஸ்தே சபைக்கு மாறி, உடுக்கைப் பரணில் போட்டுவிட்டன. பேராதனைத் தமிழ்த்துறையிலிருந்து கலஹாத் தோட்டங்களுக்கு பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். பட்டப்படிப்பின் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் சங்க இலக்கியத்தில் மலர்களை எண்ணுவதைக் கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டு, கைத்தொலைபேசியோடு வருகிற மாசியில் ஒரு தோட்டத்துக்குப் போகட்டும். பூசாரியிடம் அனுமதி கேளுங்கள், பாடியவர் பெயரை எழுதுங்கள், பதிவின் ஒரு பிரதியை அந்தக் கோயிலுக்கே கொடுத்துவிட்டு வாருங்கள்.